மருமோன் புகையில காபன் பிடிக்கிற புறொஜெக்ற் செய்யப் போறானாம். உது எங்களுக்கு உதவுமோ?

புளியடிச்சந்தி
வணக்கம் எல்லாருக்கும். என்ர அக்கான்ர மோன் கிளிநொச்சியில, அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில கடைசி வருசம். போன ஞாயிறு சாப்பிட வந்தவன், சாப்பாட்டுக்கு நடுவில "மாமா, நிலக்கரி மின்நிலையத்துப் புகையில இருந்து காபனீரொட்சைட்டைப் பிரிச்செடுத்து நிலத்துக்குக் கீழ தள்ளலாம், அதைத்தான் புறொஜெக்ற்றா எடுக்கப்போறன்" எண்டான். நான் வயரிங் வேலை செய்யிறவன். புகைக்கூட்டால போறதைத் திரும்பப் பிடிக்கிறது எண்டால் எனக்கு விளங்கேல்லை. கொப்பியில படம் கீறிக் காட்டினான், பேந்தும் விளங்கேல்லை.

என்ர கேள்வி ரெண்டு. இது மெய்யே, இல்லாட்டிக் காகிதத்தில மட்டுமோ? மற்றது, இலங்கையில இருக்கிறதே நுரைச்சோலை எண்ட ஒரே ஒரு நிலக்கரி நிலையம். அதுக்காக ஒரு பெடியன் ஒரு வருசத்தை மினக்கெடுத்தலாமோ?

பனங்கொட்டை
சுத்தமான நிலக்கரியோ? சன்லைட் போட்டுக் கழுவுவினமோ 😄

பொயிலர்காரன்
பனங்கொட்டை, நீர் பகிடிக்குச் சொன்னாலும் நிலக்கரியைக் கழுவுறது உண்மையான வேலைதான். கல்லு மண்ணை நீக்கிச் சாம்பலைக் குறைக்கத் தோண்டுற இடத்திலயே கழுவுவினம்.

நான் மலேசியாவில ஒரு நிலக்கரி நிலையத்தில 11 வருசம் பொயிலர் பக்கம் ஷிப்ற் பார்த்தனான். அந்த அனுபவத்தில சொல்லுறன். "சுத்தம்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள நாலைஞ்சு வேற வேற வேலையைச் சேர்த்துக் கட்டிப்போட்டினம், குழப்பம் அதாலதான். சாம்பலைப் பிடிக்கிறது பழைய வேலை. மின்னேற்றின தகடுகளுக்கு நடுவில புகையை விட்டால் தூள் தகட்டில ஒட்டும், தட்டிவிட்டால் கீழ கொட்டும். அந்தச் சாம்பலைச் சீமெந்துக்காரர் வாங்குவினம். கந்தகவீரொட்சைட்டுக்குச் சுண்ணாம்புக்கல் கரைசலை மழை மாதிரித் தெளிக்கிறது, கடைசியில ஜிப்சம் கிடைக்கும். நைதரசன் ஒட்சைட்டுக்கு அமோனியா. இதெல்லாம் முடிஞ்ச கதை. காசு இருந்தால் நாளைக்கே பூட்டலாம்.

காபனீரொட்சைட்டு அப்பிடி இல்லை. அது அழுக்கு இல்லை, எரிஞ்சதின்ர பிரதான விளைவே அதுதான். ஒரு தொன் நல்ல நிலக்கரியை எரிச்சால் ஏறத்தாழ 2.4 தொன் காபனீரொட்சைட்டு வரும். போட்டதை விடக் கூட வருமோ எண்டு கேட்பியள். காத்தில இருந்து ஒட்சிசன் வந்து சேருது, அந்தப் பாரம். நுரைச்சோலை 900 மெகாவற், மூண்டு யூனிற். வருசத்துக்கு 22 இலட்சம் தொன் கிட்ட நிலக்கரி கப்பலில வருது. அப்ப புகைக்கூட்டால போறது 50 இலட்சம் தொன்னுக்கு மேல. இறக்கிற கப்பல் ஒண்டு எண்டால் திருப்பி ஏத்திறதுக்கு ரெண்டரைக் கப்பல் வேணும். அந்த அளவை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கதைப்பம்.

வேதியியல் மாஸ்ரர்
பொயிலர்காரன் சொன்ன கணக்குச் சரி. பிடிக்கும் முறையை நான் சொல்கிறேன். புளியடிச்சந்தி, உங்கள் மருமகன் கொப்பியில் இரண்டு கோபுரம் கீறியிருப்பார், சரியா?

சோடாப் போத்தலை நினையுங்கள். குளிராக இருக்கும்போது வாயு தண்ணீரோடு ஒட்டி இருக்கும். வெயிலில் வைத்துத் திறந்தால் பொங்கிக்கொண்டு வெளியே ஓடும். அதே தந்திரம்தான். தண்ணீருக்குப் பதிலாக அமைன் என்ற சேர்வையின் கரைசல். அது காபனீரொட்சைட்டை வேதிப்பிணைப்பால் பிடிப்பதால் பிடி இறுக்கம். முதற் கோபுரத்தில் 40, 50 பாகை சூட்டில் புகை கீழிருந்து மேலேறும், கரைசல் மேலிருந்து இறங்கும். வாயு கரைசலுக்குள் போய்விடும். இரண்டாம் கோபுரத்தில் கரைசலை 120 பாகை வரை சூடாக்கினால் வாயு தனியே கழன்று வரும். வெறுங்கரைசல் திரும்ப முதற் கோபுரத்துக்கு. இயற்கை வாயுவைச் சுத்தம் செய்ய 1930களில் இருந்தே இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் நிலக்கரிப் புகையில் காபனீரொட்சைட்டு 12 முதல் 15 சதவீதம் மட்டுமே. மிச்சம் பெரும்பாலும் நைதரசன். அவ்வளவு புகையையும் ஊதித் தள்ளி, கரைசலைச் சூடாக்கி, கிடைத்த வாயுவை அமுக்கித் திரவம் போலாக்க வேண்டும். அந்தச் சூடு எங்கிருந்து வரும்? டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியில் இருந்துதான்.

பொயிலர்காரன்
அதுதான் சங்கதி. நிலையம் செய்யிற மின்சாரத்தில ஐஞ்சில ஒண்டு, சிலவேளை நாலில ஒண்டுக்கு மேலயே இந்த வேலைக்குப் போயிடும். நுரைச்சோலையில மூண்டு யூனிற்றுக்கும் பூட்டினால் ஒரு யூனிற்றின்ர பெரும்பகுதி புகை பிடிக்கிறதுக்கெண்டே ஓடும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் விசிறி மட்டையோட இருந்த சனத்திட்டப் போய் "200 மெகாவற்றை விட்டுத் தாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ.

ட்ரக்தம்பி_ரெஜைனா
அண்ணையவை, நான் கனடாவில சஸ்கச்சுவான் பக்கம் ட்ரக் ஓடுறன். நீங்கள் கதைக்கிற சாமானை ரோட்டில போகேக்கக் கண்டிருக்கிறன். எஸ்ரவன் டவுனுக்குக் கிட்ட பவுண்டரி டாம் எண்ட நிலையம். மூண்டாவது யூனிற்றில 2014 ஒக்ரோபரில தொடங்கினவை. ஒரு வணிக நிலக்கரி நிலையத்தில பெரிய அளவில பிடிச்சது உலகத்திலயே அதுதான் முதல். பக்கத்தில நிக்கிற பிடிக்கிற கட்டடத்தைப் பார்த்தால் மின்நிலையம் எது, பிடிக்கிறது எது எண்டு தெரியாது, அவ்வளவு பெரிசு. மாரியில -30இல போகேக்க வெள்ளைப் புகை நட்டுக்குத்தா நிக்கும். அது கனக்க நீராவிதான் எண்டு பேந்துதான் அறிஞ்சன்.

115 மெகாவற் யூனிற் ஒண்டுக்குச் செலவு ஏறத்தாழ 150 கோடி கனடிய டொலர். வருசத்துக்கு 10 இலட்சம் தொன் பிடிக்கிறது எண்டு திட்டம். கரைசல் பழுதாகிறது, சாம்பல் அடைக்கிறது எண்டு நிப்பாட்டி நிப்பாட்டி ஓடி, 10 வருசத்தில பிடிச்சது ஒரு கோடி தொன்னுக்குக் கன கீழ. பிடிச்ச வாயுவில பெரும்பகுதியை வேபேர்ன் எண்ணெய் வயலுக்கு விக்கினம். அவை அதை நிலத்துக்குள்ள அடிச்சு மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கினம். எண்ணெய் எடுக்கக் காபனைப் புதைக்கிறது! எங்கட அம்மம்மா இருந்தால் "வாழைக்காய் வித்து வாழைக்காய் வாங்கினானாம்" எண்டிருப்பா.

நவக்கிரியாள்
அப்ப அமெரிக்காவில?

ட்ரக்தம்பி_ரெஜைனா
அக்கா, ரெக்சஸில பெற்றா நோவா எண்டு ஒண்டு 2017இல தொடங்கி நல்லாத்தான் பிடிச்சது. அதுவும் எண்ணெய் வயலுக்குத்தான் குடுத்தது. கொரோனா நேரம் எண்ணெய் விலை விழ 2020 மேயில மூடிட்டினம். எண்ணெய் விலை ஏற 2023இல திரும்பத் திறந்தவை. அதாவது கோபுரம் ஓடுறதா நிக்கிறதா எண்டு சொல்லுறது எண்ணெய்ச் சந்தை, மாஸ்ரர் சொன்ன வேதியியல் இல்லை.

மிசிசிப்பியில கெம்பர் எண்ட இடத்துக் கதை இன்னும் மோசம். நிலக்கரியை எரிக்காமல் முதல் வாயுவாக்கி, எரிக்க முன்னமே காபனைப் பிரிக்கிறது எண்டு பெரிய புழுகம். தொடக்கத்தில 300 கோடி டொலருக்குள்ள எண்டவை, 750 கோடியில போய் நிண்டது. 2017இல நிலக்கரிப் பக்கத்தைக் கைவிட்டு இயற்கை வாயுவில ஓட்டிச்சினம். 2021இல அந்தக் கட்டடத்தை வெடி வைச்சு விழுத்தினவை.

மூதூர்ப்பறவை
இதை எல்லாம் வாசிக்க எனக்குத் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூர்தான் ஞாபகம் வருது. 2006இல சண்டையால சனம் எழும்பி ஓடினது. அந்தக் காணியில 500 மெகாவற் நிலக்கரி நிலையம் எண்டு இந்தியாவோட சேர்ந்து திட்டம் போட்டவை. எதிர்த்துக் கேட்ட ஆக்களுக்கு வந்த மறுமொழி, "இது நவீன தொழில்நுட்பம், புகை வராது." காபன் பிடிக்கிற கோபுரம் ஒண்டும் அந்தத் திட்டத்தில நான் கேள்விப்படேல்லை. 2016இல திட்டத்தைக் கைவிட்டினம். இப்ப அங்க சூரிய மின்சாரம் வருது. 2021இல "இனிப் புது நிலக்கரி நிலையம் கட்டமாட்டம்" எண்டு அரசாங்கமே உலகத்துக்குச் சொல்லிப்போட்டுது.

அப்ப நான் கேக்கிறது, இல்லாத நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் பெடியனை அனுப்பிறதோ? மன்னாரில 103.5 மெகாவற் காத்தாடி 2020இல இருந்து சுத்துது. அதைப் படிக்கச் சொல்லுங்கோ.

பொயிலர்காரன்
தங்கச்சி, "புது" எண்ட சொல்லைக் கவனியுங்கோ. இருக்கிற நுரைச்சோலை நாட்டின்ர மின்சாரத்தில மூண்டில ஒண்டு கிட்டக் குடுக்குது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டதே, அண்டைக்கு மூண்டு யூனிற்றும் விழுந்து திரும்ப ஏத்த நாள் கணக்கா எடுத்தது. அந்த நாளுகளில கறண்ட் வெட்டினது ஞாபகமோ? அவ்வளவுக்கு அதில தங்கித்தான் இருக்கிறம்.

ஆனால் அதுக்குக் காபன் பிடிக்கிற கோபுரம் பூட்டத்தான் வேணும் எண்டும் நான் சொல்லேல்லை. அந்த நிலையம் பழைய வகை. ஐஸோகோ எண்டு யப்பானில யோக்கோஹாமாவில ஒண்டு இருக்கு, நீராவி 600 பாகைக்கு. அமுக்கத்தை அவ்வளவு கூட்டினால் தண்ணி கொதிக்கிறது எண்டே ஒண்டு இல்லை, நேர ஆவி மாதிரி மாறிடும். பழைய வகையில எரிச்ச வெப்பத்தில 35 சதவீதம் கிட்டத்தான் மின்சாரமாகும், இந்த வகையில 45 வரை போகும். அதே கறண்டுக்கு நிலக்கரி ஐஞ்சில ஒண்டு குறைவு. நிலக்கரியைச் சுத்தமாக்கினதில உண்மையா உழைச்ச ஆராய்ச்சி எதெண்டு என்னைக் கேட்டால், இந்தச் சூட்டைத் தாங்கிற உருக்குக் குழாய் செய்தவன்ர ஆராய்ச்சிதான் எண்டுவன். அவனை ஒருத்தரும் பேப்பரில போடுறேல்லை.

நவக்கிரியாள்
நான் சொல்லுறதைக் கேட்டுக் கோவிக்காதேங்கோ. 2014, 15 காலத்தில வலிகாமத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்தது. எங்கட கிணத்திலயும்தான். விடியப்புறம் வாளியை இழுத்தால் மேல வானவில் மாதிரி ஒரு பாடை. பத்து மாசம் பவுசரில வந்த தண்ணியில சமைச்சம். ஆர் விட்டது எண்டு இஞ்ச எழுத வரேல்லை. அப்பிடி ஒரு அனுபவம் இருக்கிற எங்களிட்ட "நிலத்துக்குக் கீழ அடிச்சு விட்டால் அங்கயே இருக்கும்" எண்டால் எப்பிடி நம்பிறது? அந்த வாயு திரும்ப மேல வந்தால்?

வேதியியல் மாஸ்ரர்
அக்கா கேட்டது சரியான கேள்வி. காபனீரொட்சைட்டு சிறிய அளவில் தீங்கில்லை, ஆனால் செறிவு கூடினால் ஆளைக் கொல்லும், காற்றை விடவும் பாரம். கிணறு இறைத்துத் தூர் எடுக்கும்போது முதலில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கிறோமே, ஏன்? அடியில் அந்த வாயு தேங்கியிருந்தால் விளக்கு நூர்ந்துவிடும். 1986இல் கமரூனில் நியோஸ் என்ற ஏரியின் அடியில் இயற்கையாகத் தேங்கியிருந்த காபனீரொட்சைட்டு ஒரே இரவில் வெளிவந்து 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். 2020இல் மிசிசிப்பியில் சட்டார்சியா என்ற ஊரருகே இந்த வாயுவைக் கொண்டுபோன குழாய் வெடித்து 45 பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள், கார்கள் நடுவழியில் நின்றுவிட்டன. எரிய ஒட்சிசன் இல்லை.

மறுபக்கமும் உண்டு. நோர்வேயின் ஸ்லைப்னர் இயற்கை வாயு வயலில், எடுக்கும் வாயுவில் இருந்து பிரித்த காபனீரொட்சைட்டை 1996 முதல் வருடத்துக்கு 10 இலட்சம் தொன் வரை கடலடி மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். மேலே களிப்பாறை மூடி. அது இன்றுவரை காத்து நிற்கிறது. அதை அவர்கள் தொடங்கியதற்குக் காரணம் 1991இல் நோர்வே போட்ட காபன் வரி. வெளியே விட்டால் காசு, புதைத்தால் காசில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் முடியாது. 800 மீற்றருக்குக் கீழே, நீர்புகா மூடி உள்ள பாறை வேண்டும். நம்முடையது ஓட்டைச் சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மேலே நன்னீர், கீழே உவர், நடுவில் குகை. போதாததற்குக் காபனீரொட்சைட்டு கரைந்த நீர் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும். அந்தக் குகைகளைக் குடைந்ததே அதுதான்.

தூத்துக்குடி_உப்பு
எதிர்க்கரையில இருந்து வர்றேன் 🙂 எங்க ஊர்ல ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை, 2016ல இருந்து தன்னோட நிலக்கரி பாய்லர் புகையிலேருந்தே கார்பன்-டை-ஆக்சைடு பிடிச்சு சோடா உப்பு பண்ண ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு 60,000 டன் அளவு. அரசு மானியம் இல்லாம செஞ்சாங்கன்னு அப்ப உலகம் பூரா செய்தி. காரணம் ரொம்ப எளிது. அவங்களுக்கு அந்த வாயு எப்படியும் வேணும், வெளியில விலைக்கு வாங்கிட்டு இருந்தாங்க.

பொயிலர்காரன்
நல்ல விசயம். ஆனால் தம்பி, 60,000 எண்டது நுரைச்சோலைப் புகையில நூறில ஒண்டு. மிச்சத்தையும் பிடிச்சால் நாடு முழுக்கச் சோடா உப்பிலதான் படுக்க வேணும்.

பனங்கொட்டை
உழுந்துவடைக்கு அப்பச்சோடா கூடப் போட்டால் சரி.

புளியடிச்சந்தி
மருமோனுக்கு இதெல்லாம் வாசிச்சுக் காட்டினன். முகம் வாடிப்போச்சுது. "அப்ப வேற தலைப்பு எடுக்கிறன்" எண்டு போட்டான். நான் கேட்டது பிழையாப் போச்சோ தெரியேல்லை.

வேதியியல் மாஸ்ரர்
அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தலைப்பை மாற்றத் தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றது. சீமெந்து செய்யக் கல்லைச் சுட வேண்டும். சுடும்போது கல்லுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டே வெளியே வரும். ஒரு சீமெந்து ஆலையின் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிபொருளில் இருந்து அல்ல, கல்லில் இருந்து வருவது. மின்சாரத்துக்குக் காற்றும் வெயிலும் மாற்று. மூதூர்ப்பறவை சொன்னது அங்கே சரி. சீமெந்துக்கு அந்த மாற்றும் உதவாது, சூளையைச் சூரியனில் ஓட்டினாலும் கல் தன் வாயுவை விடத்தான் செய்யும். அதனால்தான் நோர்வேயில் பிரெவிக் சீமெந்து ஆலையில் 2025இல் பிடிக்கும் கோபுரம் திறந்தார்கள், வருடத்துக்கு 4 இலட்சம் தொன். நிலக்கரிக்காக 20 வருடம் செய்த ஆராய்ச்சி கடைசியில் சீமெந்தில் போய் இறங்குகிறது.

இனி மருமகனுக்கு. எங்கள் அப்பு காலத்தில் சுண்ணாம்புச் சூளை இருந்தது. கல்லைச் சுட்டு நீற்றி, சாந்தாக்கிச் சுவருக்குப் பூசுவார்கள். சுவர் வருடக்கணக்கில் இறுகுவது ஏன்? காற்றில் இருந்து காபனீரொட்சைட்டைத் திரும்ப வாங்கிப் பழையபடி கல்லாகிறது. இதையே வேகமாகச் செய்வதற்குக் கல்சியம் சுழற்சி என்று பெயர். சுட்ட சுண்ணாம்பை 650 பாகையில் புகைக்குள் வைத்தால் காபனீரொட்சைட்டை விழுங்கும். 900 பாகைக்கு ஏற்றினால் துப்பும். ஸ்பெயினில் லா பெரெடாவிலும் ஜேர்மனியில் டார்ம்ஸ்ராட்டிலும் சிறு நிலையங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வினைத்திறன் இழப்பு அமைனை விடக் குறைவு, ஏனென்றால் அந்த உயர் சூட்டில் திரும்ப நீராவி எடுக்கலாம்.

குறை ஒன்று உண்டு. புட்டு அவித்தவுடன் உதிரியாக இருக்கும். திரும்பத் திரும்ப அவித்தால்? கட்டிப்படும். சுண்ணாம்பும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றிலும் நுண்துளைகள் மூடி, விழுங்கும் அளவு குறையும். எவ்வளவு கெதியாகக் குறையும் என்பது கல்லுக்குக் கல் வேறு. நம்முடைய கல் எத்தனை சுற்றுத் தாங்கும்? உலை, தராசு, கல். மூன்றும் போதும். கல் வளவிலேயே கிடக்கிறது.

மூதூர்ப்பறவை
மாஸ்ரர், அது சரி. நல்லாக் கிடக்கு. ஆனால் இதைச் சாட்டி ஆரும் காங்கேசன்துறையில திரும்பக் கல்லுக் கிண்ட வந்தால் முதல் ஆளா நான் நிப்பன். கிண்டின கிடங்குகள் இன்னும் தண்ணியா நிக்குது.

வேதியியல் மாஸ்ரர்
இரண்டாவது ஆள் நான்.

புளியடிச்சந்தி (பதினேழு நாளுக்குப் பிறகு)
மன்னிக்கோணும், பிந்திட்டன். மருமோன் எங்கட வளவில மதில் கட்டேக்க மிஞ்சின கல்லொண்டை உடைச்சு, கம்பஸ் ஆய்வுகூட உலையில 900 பாகைக்கு மேல மூண்டு மணித்தியாலம் சுட்டவன். போட்டது 100 கிராம். எடுத்தது 57.3. வெள்ளை வெளேரெண்டு, கையில எடுத்தால் கல்லு மாதிரியே இல்லை, பாணின்ர பாரம்தான்.

மிச்சத்தை வீட்டை கொண்டுவந்து ஒரு தட்டத்தில பரப்பி யன்னலுக்குக் கிட்ட வைச்சான். ரெண்டு இரவால நிறுத்தால் 66 கிராம். "மாமா, காத்தில இருந்து 9 கிராம் காபனீரொட்சைட்டுப் பிடிச்சிட்டன்" எண்டு ஒரே துள்ளல்.

வேதியியல் மாஸ்ரர்
முதல் நிறை அருமை. கலப்பில்லாத கல் என்றால் 56 மிஞ்ச வேண்டும். 57.3 என்றால் 97 சதவீதம் சுத்தம். மிச்சம் களியும் மணலும்.

இரண்டாவது நிறைக்குத் துள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு இரவும் மழை பெய்ததா? அது பெரும்பாலும் காற்றின் ஈரம். சுட்ட சுண்ணாம்பு முதலில் தண்ணீரைத்தான் குடிக்கும், காபனீரொட்சைட்டைப் பிறகுதான் மெல்ல எடுக்கும். சோதிக்க வழி சுலபம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாலு துளி தேசிக்காய்ச் சாறு விடச் சொல்லுங்கள். பொங்கினால் காபனேற்று. பொங்காவிட்டால் நீறின சுண்ணாம்பு.

புளியடிச்சந்தி
விட்டம் மாஸ்ரர். மழைதான் பெய்தது. ரெண்டு மூண்டு குமிழி வந்து அடங்கிப்போச்சுது. பக்கத்தில சுடாத கல்லுத் தூளில விட்டுப் பார்த்தம், அது சீறிக்கொண்டு எழும்பினது.

பெடியன் இப்ப குழாய் உலை கேட்டுத் துறைத்தலைவரிட்டக் கடிதம் குடுத்திருக்கிறான், ஈரமில்லாத வாயுவில 20 சுற்று ஓட்டிப் பார்க்கவாம். அக்கா மட்டும் கோவம். அது பூசைக்கு வைச்சிருந்த தட்டமாம்.